கோரலின் புலியும் என் பைஜாமாவும்

வாராட்டா, தாஸ்மானியா
ஜூன் மாதக் குளிர்

அன்புத் தம்பி கிளைவுக்கு,

அண்ணன் நெவில் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கோரலும் கோழிகளும் நலம். குவீன்ஸ்லாந்து வெயிலில் நீ சட்டையில்லாமல் உட்கார்ந்து இதைப் படிப்பாய் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் நன்றாயிரு.

எங்களுக்காக நீ பேசி வைத்திருக்கும் பக்கத்து வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நாங்கள் வரவில்லை. கோபப்படாமல் முழுவதும் படி.

உன் அண்ணியின் புலிப் பைத்தியம் உனக்குத் தெரியாததல்ல. முதுகில் வரியும் வயிற்றில் பையுமாக நாய்முகத்தோடு திரிந்த அந்தத் தாஸ்மானியப் புலி தாத்தா காலத்திலேயே பூண்டோடு அற்றுப்போய்விட்டது என்று அரசாங்கமே சொன்னாலும், நம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது அரசாங்கத்துக்கு என்ன தெரியும் என்பாள். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் வாலபிக் குட்டைக் கங்காருவையெல்லாம் இரை வைக்கவென்று தூக்கி வந்து ஃப்ரீசரில் அடைப்பாள், கிளப் குலுக்கலில் எனக்கு விழுந்த ஆட்டுத்தொடையும் அதே ஃப்ரீசரில்தான் இருந்தது, அவசரத்தில் அதைக் கொண்டுபோய்க் காட்டில் கட்டிவிட்டாள், அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த பாதிரியார் எதைச் சாப்பிட்டார் என்பதை நான் இன்றுவரை வெளியில் சொல்லவில்லை, பாவம், இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவள் காட்டு மரத்தில் கட்டிய, தானாகப் படமெடுக்கும் கேமராவில் குளிர்காலம் பிறப்பதற்குள் புலி விழாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு உன் பக்கம் வந்துவிடுவது. நான் மனசுக்குள் மூட்டையே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் ஒருநாள் விடியற்காலை ஒரு கோழி தப்பித்து ஓடியது. படுக்கையிலிருந்து எழுந்தபடியே துரத்திக்கொண்டு போனேன், பெரணிப் புதரில் குப்புற விழுந்தேன், மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய்விட்டது, கையும் காலுமாகத் தவழ்ந்து துழாவினேன். கோழி தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை, வரிகள் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அடுத்த வாரம் ஊர் மண்டபத்தில் கோரல் தன் கேமராப் படங்களைத் திரையில் போட்டாள். வாலபி, வளை தோண்டும் வாம்பட், மறுபடி வாலபி. ஊரே கொட்டாவி விட்டது. திடீரென்று பெரணி நடுவே ஒரு பின்பக்கம், அதில் குறுக்கே வரி வரியாக. ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. கசாப்புக்கடை க்ளாரி எழுந்து நின்று, "இவ்ளோ பெரிய இடுப்பு வாலபிக்குக் கிடையாதுப்பா" என்றான். கண்ணாடி இல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. அது என் வரிப் பைஜாமா, உள்ளே நான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், குவீன்ஸ்லாந்து என் கையில். சொல்லத்தான் எழுந்தேன். கோரல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"இருக்குங்க," என்றாள். "இத்தனை நாளா நான் சொன்னேன்ல, இருக்குங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் பாட்டுதான். எனக்குத் தினமும் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை. குளிர் எலும்பைக் கடிக்கிறது, ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன் கிளைவ், நான் சந்தோஷமாக இருக்கிறேன். பிடித்தவள் சிரிப்பதற்கு மனுஷன் எதையெதையோ கொடுக்கிறான், நான் கொடுத்தது என் பின்பக்கம். இந்த ரகசியம் நம் இருவரோடு இருக்கட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உறையை நன்றாக ஒட்டித் தபாலில் போடக் கோரலிடம் கொடுக்கிறேன்.

உன் அண்ணன்,
நெவில்

பி.கு. தம்பி, நான் அண்ணி. கெட்டில் ஆவியில் காட்டினால் எந்த உறையும் பிரிந்துவிடும். அந்த வரிப் பைஜாமா நைந்து போனதால் கோடையிலேயே கிழித்துத் தக்காளிச் செடிகளுக்குக் கட்டிவிட்டேன். கோழி துரத்தப் போன அன்று உங்கள் அண்ணன் போட்டிருந்தது வரியே இல்லாத பச்சைக் கால்சட்டை, ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்தவள் நான். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்காக விட்டுக்கொடுத்ததாக நினைத்து மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார், நடந்துவிட்டுப் போகட்டும்.