உடும்பு வீட்டில் இல்லை

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் போட்டுவிட முடியும், போட்டுவிட்டால் உலகம் ஒழுங்காகிவிடும் என்று மனசார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ரீடிங்காரர்தான். மரத்துக்குப் போட்டார், பாறைக்குப் போட்டார், ஊற்றுக்குப் போட்டார். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்து நான் கண்ணயர்ந்த நேரத்தில் என் குடைக்கும் போட்டுவிட்டார். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஜவ்வாது மலையில் ஒருவருக்கும் தெரியாது. ரீடிங்காரர் என்று கேட்டால், ஆடு மேய்க்கிறவர்கூட அவர் எந்தப் பக்கம் போனார் என்று கைகாட்டுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கெடுக்கிற ஆள். ஒப்பந்த வேலை. கழிப்பறை எண்ணியிருக்கிறேன், கோழி எண்ணியிருக்கிறேன், ஓடு வேய்ந்த வீட்டையும் ஓடு பறந்த வீட்டையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறேன். இனி எண்ணுவதற்கு உடம்பில் தெம்பில்லை என்று இருந்த சமயத்தில்தான், மலையில் ஒரு ஊராட்சிக்குப் பதிவேடு தயாரிக்கச் சொல்லி அனுப்பினார்கள். எல்லைக்குள் இருக்கும் மரம், செடி, பறவை, ஊர்வன, பழைய கல், ஊற்று, சாமி என்று இயற்கையும் வரலாறும் விட்டுவைத்த அத்தனையும் அதில் ஏற வேண்டும். நல்ல வேலைதான். வேறு யாராவது செய்திருந்தால் இன்னும் நல்ல வேலையாக இருந்திருக்கும். கண்ணமங்கலத்தில் விடியும்போதே பஸ் ஏறி, போளூரில் மாறி, மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்வேன்.

உதவிக்குத் தாவரம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன். வந்தவர், கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். மலையில் ஒரு வீடு விடாமல் அவருக்குத் தெரியும், அதனால் அனுப்புகிறோம் என்றார்கள். சந்தவாசலில் என் பஸ்ஸில் ஏறினார். காக்கிப் பை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பால்பாயின்ட் பேனா, ஒரு சின்ன டப்பாவில் வெள்ளை பெயின்ட்.

"உங்களுக்கு மரம், செடி எல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க சார். ஆனா இருந்தா இருக்குதுன்னு எழுதுவேன், இல்லன்னா இல்லன்னு எழுதுவேன். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல பாக்காம ஒரு ரீடிங் போட்டது இல்ல."

முதல் நாளே ஒரு புளியமரத்துக்குப் போனோம். மலைச் சாலை வளைகிற இடத்தில், நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். அடியில் ஒரு நடுகல். வில்லும் கையுமாக ஒரு வீரன். மலைக்காரர்களுக்கு அவர் வேடியப்பன் சாமி. ரீடிங்காரர் செருப்பைக் கழற்றினார். மரத்தை மூன்று முறை தட்டி, "கரண்ட் ரீடிங்!" என்று குரல் கொடுத்தார். பழக்க தோஷம். பிறகு பதிவேட்டைப் பிரித்து வேடியப்பனைப் பதிந்தார். நான் பின்னால் தட்டச்சு செய்யும்போது படித்தது இது: "பெயர் வேடியப்பன். தொழில் வேட்டை. வயது சொல்ல ஆள் இல்லை. போனபோது வீட்டில் இருந்தார்."

அந்த மரத்தில் ஒரு பொந்து. அதில் ஒரு உடும்பு குடியிருப்பதாக ஊரே சொன்னது. வெயில் ஏறினால் தலையை நீட்டுமாம். ரீடிங்காரர் ஒரு மணி நேரம் பொந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தலை வரவில்லை. எழுதினார்: "உடும்பு. கதவு பூட்டு. மறுபடி வரணும்."

"இன்னா சார் பண்றது, ஆள் இல்லன்னா அப்படித்தான் எழுதணும்" என்றார். மறுபடி வந்தார். அதற்கு மறுபடியும் வந்தார். மொத்தம் பதினோரு முறை. பதினோரு முறையும் உடும்பு வீட்டில் இல்லை. அவர் தலை மறைந்ததும் அது தலை நீட்டியதைப் பார்த்தவர்கள் உண்டு.

இன்னொரு நாள் குள்ளர் வீடு பதியப் போனோம். நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லை மூடியிருப்பார்கள். ஏதோ ஒரு காலத்து ஈமச்சின்னம். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு என்பது மலையில் நம்பிக்கை. வெளியிலிருந்து அளந்தால் போதும் என்று நான் கெஞ்சினேன். உள்ளே பார்க்காமல் எழுத மாட்டேன் என்று பக்கவாட்டு ஓட்டையில் தலையை விட்டார். தோள் போனது, தொப்பை போகவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"சார், இங்க குடியிருந்தவங்க ரொம்ப சிக்கனமான ஆளுங்க சார்!"

விறகுக்கு வந்த வெள்ளச்சியும் நானும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட என் இடுப்பு இன்றுவரை விடவில்லை. பதிவேட்டில், "ஆள் இல்லை. காலி செய்து ரொம்ப நாள் ஆகிறது" என்று இருக்கிறது.

இந்த வெள்ளச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேடியப்பனுக்குப் பூசை வைக்கிறது அவள் குடும்பம். அந்த மரத்துப் புளியை உலுக்கித்தான் அவள் வீட்டில் வருஷம் ஓடுகிறது. நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்பு, சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் வளைவில் இருந்த பதினேழு மரங்களுக்கு வெள்ளை பெயின்டில் நம்பர் போட்டுப் போயிருந்தார்கள். புளியமரம் பதினாலு. மலையில் மரத்துக்கு நம்பர் போட்டால் ஒரே அர்த்தம்தான். மரம் போனால் அடியில் இருக்கும் வேடியப்பனையும் ஜேசிபி வாரிக்கொண்டு போய்விடும். வெள்ளச்சி இரண்டு மனு கொடுத்துவிட்டாள். இரண்டுக்கும் ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

இப்படி அவள் நொந்துபோயிருந்த நேரத்தில்தான் நம் ஆள் பெயின்ட் டப்பாவோடு இறங்கினார். ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாம் அல்லவா? மாட்டார். "ஒரே லைன்ல ரெண்டு ஒண்ணாம் நம்பர் இருக்கக்கூடாது சார்" என்று பதினெட்டிலிருந்து தொடங்கினார். அதே வெள்ளை பெயின்ட், அதே பருமன். ஒரே வாரத்தில் மலையில் பலா, நாவல், கடுக்காய் என்று எதைப் பார்த்தாலும் நம்பர். ஊர் கூடிவிட்டது. வெள்ளச்சி அரிவாளோடு முன்னால் நின்றாள்.

"இன்னாய்யா, மலையையே வெட்டப் போறியா?"

"வெட்டறதுக்கு இல்லம்மா, காப்பாத்தறதுக்கு நம்பர்."

"எங்க மரத்துக்கு நம்பர் போட்டவன் எவன் காப்பாத்தினான்? நம்பர் இல்லாமத்தான் இத்தினி வருசம் நின்னுச்சு!"

அவள் அன்றே செங்கல் துண்டால் பதினாலைத் தேய்த்துத் தேய்த்து அழித்தாள். மறுநாள் மிச்சமிருந்த பதினாறு மரத்தையும் தேய்த்தாள்.

அடுத்த நாள் ரீடிங்காரர் வந்து பார்த்தார். ஒன்று முதல் பதினேழு வரை காலி. மரம் அழிந்திருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார், நம்பர் அழிந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். நம்பர் இல்லாமல் நின்ற மரங்களுக்குத் தன் வரிசையில் புது நம்பர் கொடுத்தார். புளியமரம் நாற்பத்தாறு, வேடியப்பன் நாற்பத்தேழு. இந்த முறை வெள்ளச்சி தேய்க்கவில்லை. அழித்ததும் வேறு நம்பர் வருகிறதே என்று யோசனையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். காலியான பதினேழு நம்பரையும் வீணாக்க மனசில்லாமல், காத்திருந்தவர்களுக்கு ஒதுக்கினார். ஒன்றாம் நம்பர் ஒரு கரையான் புற்றுக்கு. ஐந்து ஊற்றுக்கு. பதினாலு, யானை அளவு பாறை ஒன்றுக்கு. நான் அப்போது புளியமர நிழலில் படுத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ரம்பத்தோடு லாரி வந்தது. கூடவே பட்டியலோடு ஒரு இளம் இன்ஜினீயர். பதினாலு, புளி, பெரியது என்று பட்டியலில் இருந்தது. தேடிப் போனால் பாறை. ஒன்று, வேம்பு என்று இருந்தது. அதில் கரையான் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நம்பரில் ரம்பக்காரர்கள் முகம் கழுவி, தண்ணீரும் குடித்துவிட்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் இன்ஜினீயரின் சட்டை நனைந்துவிட்டது. ரீடிங்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். வெள்ளச்சி வேடியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள்.

"பெரியவரே, இந்தப் புளியமரத்துல முன்னாடி எங்க நம்பர் இருந்துச்சா இல்லியா?" என்று கேட்டார் இன்ஜினீயர்.

இந்த மனிதர் பொய் எழுதியதே இல்லை. சொல்லவும் தெரியாது. இருந்தது, பதினாலு என்று சொல்லிவிட்டால் அன்று சாயங்காலம் அந்த வளைவில் வெயில்தான் இருக்கும்.

ரீடிங்காரர் பதிவேட்டைப் பிரித்தார். விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மூடினார்.

"இருந்துச்சுங்க. கண்ணால பாத்தேன். ஆனா இன்னா நம்பர்னு அன்னிக்கு நோட்டுல ஏத்தல. நோட்டுல ஏறாதது நெனப்புல இருந்தா செல்லாதுங்க. அப்புறம் மரத்துக்கு நான் ரீடிங் எடுத்த அன்னிக்கு நம்பர் இல்ல. இல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

இன்ஜினீயர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க. நீங்க இங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன், தம்பி. தூங்கிட்டு இருந்தேன்" என்றேன். என் சர்வீஸில் நான் சொன்ன மிக உண்மையான வாக்குமூலம் அது.

நம்பர் பொருந்தாமல் மரத்தில் கை வைத்தால் தன் வேலைக்கே ஆபத்து என்று அந்தப் பையனுக்குத் தெரியும். லாரியைத் திருப்பிக்கொண்டு போனான். மறுபடி அளவெடுக்க வேறு ஆட்கள் வந்தார்கள். இப்போது மரமும் கல்லும் ஊராட்சிப் பதிவேட்டில் ஏறியிருந்தன. கடைசியில் எதிர்ப்பக்கத்து மேட்டை வெட்டிச் சாலையை அந்தப் பக்கம் தள்ளினார்கள். வெள்ளச்சி வேடியப்பனுக்குப் பொங்கல் வைத்தாள். ரீடிங்காரருக்கு இரண்டு கை நிறையப் புளி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், எதற்கு என்று அவள் சொல்லவில்லை.

இறங்கும்போது பஸ்ஸில் கேட்டேன். "நிஜமாச் சொல்லுங்க, தெரிஞ்சுதானே பாறைக்குப் பதினாலு போட்டீங்க?"

"காலியா இருந்த நம்பர் சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்க்காததை எழுதக்கூடாது என்று அவரிடம் கற்றுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

பதிவேட்டை ஒப்படைத்தபோது அலுவலகத்தில் ஒருவர் உடும்பைப் பிடித்துக்கொண்டார். ஊரே பார்த்திருக்கிறது, இருக்கிறது என்று மாற்றிவிடுங்கள் என்றார். "ஊர் பாத்தது ஊருக்கு. நான் பாக்கலீங்க" என்று ரீடிங்காரர் அசையவில்லை. பதிவேடு அப்படியே பீரோவுக்குள் போனது. அதற்குப் பிறகு அந்த பீரோவை யாராவது திறந்தார்களா என்பதும் கதவு பூட்டு கணக்குதான். ரீடிங்காரர் முட்டி வலி என்று மலை ஏறுவதை நிறுத்திவிட்டார். என்னை மாட்டுக்கொட்டகை எண்ணச் சொன்னார்கள்.

போன வாரம் அந்த வேலையாக மறுபடி மலைக்குப் போனேன். திரும்பும் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். வழக்கம்போல் கண் சொருகியது. ஏதோ சுரண்டும் சத்தம். நிமிர்ந்தால், பொந்திலிருந்து ஒரு தலை. கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே விட்டு, நிதானமாக என்னைப் பார்த்தது. இவ்வளவு நாள் இல்லாதவர் வீட்டில் இருந்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்தில் ரீடிங்காரர்தான் இல்லை.

போனில் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நேரில்தான் சொல்ல வேண்டும் என்று சந்தவாசலில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து டெய்லர் கடையில், "பையன் வூட்டுக்கு ஓசூர் போய்ட்டாருங்க. முட்டிக்கு வைத்தியம். மாசக் கடைசில வருவாரு" என்றார்கள்.

டெய்லரிடம் துணியில் கோடு போடும் சாக்கட்டியை வாங்கினேன். மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரில் எழுதினேன்: "உடும்பு வீட்டில் இருந்தது. நீங்கள் இல்லை. கதவு பூட்டு. மறுபடி வரணும்."

எத்தனையோ ஆயிரம் கதவைத் தட்டியவன் நான். யாரும் அனுப்பாமல், நானாகத் திரும்பிப் போகப்போகிற வீடு அது ஒன்றுதான்.