முதல் சாட்சி நம்பத்தகாதவர்

நான் நம்பத்தகாதவன். இதை என் மனைவி மட்டும் சொல்லியிருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன் (கல்யாணமான இரண்டாம் வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்). சிரம்பான் நீதிமன்றமே தீர்ப்பில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. ஆகவே, இந்தக் கட்டுரையில் நான் என்னைப் புகழ்ந்துகொள்ளும் இடங்களை எல்லாம் நீங்கள் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் உண்மை.

பகாவ் பக்கத்தில் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பழம் வெட்டினேன். நீளக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்துக் குலையை அறுத்துத் தள்ளுகிற வேலை. எத்தனை குலை ரோட்டோரம் வந்து சேர்கிறதோ அதற்கேற்பக் காசு. மூன்று வருடம் தொடர்ந்து தோட்டத்தின் சிறந்த வெட்டாள் என்று பரிசு வாங்கினேன். முதல் வருடம் ரைஸ் குக்கர், இரண்டாம் வருடம் சுவர்க் கடிகாரம், மூன்றாம் வருடம் என் பெயர் பொறித்த முழ உயரக் கோப்பை. அதிலிருந்து எனக்கு 'சாம்பியன்' என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயரை நானேதான் பரப்பினேன் என்று சிலர் சொல்வார்கள். (நானேதான் பரப்பினேன்.)

ஒரு நாள் காலை நான் அறுத்த குலை மண்ணில் விழாமல் என் வலது தோளில் விழுந்தது. இரண்டு அறுவை சிகிச்சை, எட்டு மாதம் வீடு. கை இருக்கிறது, ஆனால் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாது. அண்ணாந்து கம்பைத் தூக்கிப் பிடிக்கிற தொழிலில் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டர் இனி வெட்டு வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு கூட்டுக் காப்புறுதி இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் அதற்கென்று பிடிப்பார்கள். விபத்தில் நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால், அறுபது வயது வரை மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு கிடைக்கும். எனக்கும் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால், அவர்கள் 'மாதச் சம்பளம்' என்று எடுத்துக்கொண்டது அடிப்படை நாள்கூலியை மட்டும். குலைக்குக் கிடைத்த காசெல்லாம் ஊக்கத்தொகையாம், சம்பளம் ஆகாதாம். பழம் வெட்டுகிறவனுக்கு நாள்கூலி என்பது வெறும் சோறு. குழம்பு, கறி எல்லாம் குலைக் காசில்தான். அவர்கள் சொன்ன தொகையில் பகாவில் வாங்கியிருந்த மலிவு விலை வீட்டுக்குத் தவணை கட்டினால் அரிசிக்கு மிஞ்சாது.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நல்ல மனிதர். ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்து, "கெடச்சத வாங்கிக்கிட்டு சும்மா இருலா சாம்பியன். கம்பெனிகூட மோதி யாரு ஜெயிச்சா?" என்றார்.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். கோமதி என் மனைவி. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"கையெழுத்துப் போட்டுடாதீங்க. ஒரு காசு கொறஞ்சாலும் வாங்கக் கூடாது. கேஸ் போடுங்க."

போட்டோம். தெமியாங்கில் ஒரு மளிகைக் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த இளம் வக்கீல் எங்களுக்காக வாதாட ஒப்புக்கொண்டார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். என்னை 'அங்கிள்' என்பார், நான் 'மிஸ்' என்பேன். சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டு வரச் சொன்னார். பிஸ்கட் டின்னில் கோமதி வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததில் மிகக் கொழுத்த மூன்று மாதச் சீட்டை மட்டும் பொறுக்கி எடுத்துப் போனேன். மழை மாதத்துச் சீட்டைக் காட்டி ஒரு படித்த பெண் முன்னால் சாம்பியன் மானம் போகலாமா? மற்றதெல்லாம் கரையான் தின்றுவிட்டது என்றேன். பாவம், நம்பிவிட்டார். மாதக் கணக்குகளைத் தோட்டத்திடமிருந்து மொத்தத் தொகையாக எழுதி வாங்கிக்கொண்டார்.

விசாரணைக்கு முன்னால், சாட்சி சொல்லப் போகிற எனக்கும் கோமதிக்கும் ஒரே பாடம்தான் நடத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அங்கிள். கூட ஒரு வார்த்தை வேணாம்." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கும் என் வாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவருக்கு அப்போது தெரியாது.

அந்த நாள் வந்தது. பக்கத்து வீட்டு வேனில் சிரம்பானுக்குப் புறப்பட்டோம். நான் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பெரிய துணிப்பை.

"பையில என்னாங்க?" என்றாள் கோமதி.

"ஆதாரம்."

அவள் எட்டிப் பார்த்தாள். "அய்யே, இந்தச் சொம்ப எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

சொம்பு! என் வெற்றிக் கோப்பையை. பையின் வாயை இறுக்கி முடிந்துகொண்டேன்.

சாட்சி சொல்லப் போகிறவர் மற்ற சாட்சி பேசுவதைக் கேட்கக் கூடாதாம். கோமதியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முதல் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டின் விளிம்பில் கோப்பையை வைத்தேன். மிஸ் என்னைப் பார்த்த பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். உறுதிமொழி எடுக்க வலது கையை உயர்த்தச் சொன்னார் மொழிபெயர்ப்பாளர்.

"இவ்வளவுதாங்க வரும்," என்று நெஞ்சுக்கு நேரே நிறுத்தினேன். "இதுக்கு மேல வந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

நீதிபதி அம்மா லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. வழக்கு பாதி ஜெயித்துவிட்டதாகவே நினைத்துவிட்டேன்.

காப்புறுதி நிறுவனத்து வக்கீல் எழுந்தார். மெல்லிய குரல், நல்ல மரியாதை. ஒரே ஆள் மாதாமாதம் இத்தனை குலை வெட்டுவது நடக்கிற காரியமா என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நடக்கும் என்றேன். வெட்டுவது யார்? நான். ரோட்டுக்குச் சுமப்பது? நான். உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது? அதுவும் நான். தனியாகவா? தனியாகத்தான். யார் உதவியும் இல்லாமலா? இடது கையால் கோப்பையைத் தட்டிக் காட்டினேன். "சும்மாவா குடுத்தாங்க இத?"

அவர் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். தோற்றுவிட்டார், பாவம் என்று நினைத்தேன்.

அடுத்து கோமதி. விபத்துக்குப் பிறகு வீட்டில் என் நிலைமையைச் சொல்லத்தான் மிஸ் அவளை அழைத்திருந்தார். அதை அழகாகச் சொன்னாள். சட்டை மாட்டிவிடுவது, தலை துவட்டிவிடுவது எல்லாம் சொன்னாள். பிறகு அந்த மெல்லிய குரல் எழுந்தது. அவர் மலாயில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் கோமதி தமிழில் பதிலைச் சொல்லிவிடுவாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலாய் தெரியாதா என்ன?

கணவர் கடும் உழைப்பாளிதானே என்று கேட்டார்.

"ஆமாங்க. அதுல கொற சொல்ல மாட்டேன்."

இத்தனை குலையையும் தனியாளாக வெட்டிச் சுமந்து...

"தனியாவா? யாரு சொன்னா?"

நான் கோப்பையைப் பார்த்தேன். இப்போது மிஸ்ஸின் மேசையில் இருந்தது. அதில் என் முகம் கோணலாகத் தெரிந்தது.

"அவரு வெட்டுவாரு. வெட்டிட்டு அடுத்த மரத்துக்குப் போயிக்கிட்டே இருப்பாரு. கொலைய வண்டில வச்சு ரோட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போறது நானு. லூஸ் பழம் பொறுக்கறது நானு. மட்டைய இழுத்து அடுக்கறது நானு. பாதி வேல என்னுதுங்க."

தோட்டத்தில் பாதிக் குடும்பங்களில் இதுதான் வழக்கம். புருஷனுடைய ஆள் நம்பரில் பெண்டாட்டியும் உழைப்பாள், எண்ணிக்கை கூடும், சம்பளம் ஒரே சீட்டில் வரும். வேலை வாங்கும் மண்டோருக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும், ஜீப்பில் போகிறபோது கையசைக்கிற மேனேஜருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாரிடம் சொல்வது? டவுனில் வளர்ந்த மிஸ்ஸுக்கு அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மெல்லிய குரல் இன்னும் மெல்லியதாக ஆனது. உங்கள் பெயர் தோட்டத்து ஆள் கணக்கில் உண்டா? இல்லை. காப்புறுதியில் உண்டா? இல்லை. அவர் நீதிபதியிடம் திரும்பினார். முதல் சாட்சி பொய் சொல்லியிருக்கிறார். அதோடு, குலைக் காசையும் சம்பளமாகவே எடுத்துக்கொண்டாலும் அதில் பாதி காப்புறுதி இல்லாத ஒருவருடைய உழைப்பு, ஆகவே கணக்கைப் பாதியாக வெட்ட வேண்டும் என்றார். மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். என் வீடு, தவணை, அரிசி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டன.

"புவான், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்று நீதிபதி அம்மாவைக் கேட்டாள் கோமதி.

சாட்சி கேள்வி கேட்பது வழக்கமில்லை என்றார் நீதிபதி. பிறகு, சரி, சொல்லுங்கள் என்றார்.

கோமதி கைப்பையைத் திறந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தாள். பிஸ்கட் டின்னில் இருந்த அத்தனை சீட்டும். (கரையான் தின்றவை.)

"இது மழ மாசம். காப்புறுதின்னு கம்மியாப் பிடிச்சிருக்காங்க. இது நல்ல மாசம். கூடப் பிடிச்சிருக்காங்க. நாள்கூலிக்கு மட்டும் பிடிச்சா மாசாமாசம் ஒரே மாரிதானே இருக்கணும்? மொத்தச் சம்பளத்துக்குத்தான் பிடிச்சிருக்காங்க. அந்த மொத்தத்துல எங் கொலையும் இருக்கு. பிடிக்கிறப்ப யாரு பொறுக்குனான்னு ஒருத்தரும் கேக்கலியே புவான். குடுக்கிறப்ப மட்டும் ஏன் கேக்கிறாங்க?"

நீதிபதி சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிர்ப்பக்கத்து வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். பதில் என்ன என்று நீதிபதி கேட்டதும், நிறுவனத்திடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். மிஸ் கண்ணைத் திறந்து என்னை ஒரு முறை பார்த்தார். இந்த முறை அது பாராட்டு இல்லை என்று எனக்கே புரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு என்னை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். "உண்மையச் சொல்லிடுங்க அங்கிள். இனிமே கெடுறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் மிஸ்.

உங்கள் மனைவி சொன்னது சரியா என்று நீதிபதி கேட்டார்.

"சரிங்க புவான். பாதின்னு சொன்னதே அடக்கமாச் சொல்லியிருக்கு. மழ நாள்ல அது முக்கால் செய்யும்."

பிறகு ஏன் தனியாக என்று சொன்னீர்கள்?

"கோப்பையில எம் பேரு மட்டும்தான் இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஆனால் வெட்கத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"பொய் சொன்னது நானு. அதுக்கு என்னையத் திட்டுங்க, தண்டன குடுங்க. ஆனா இருவது வருஷமா ரெண்டு பேரு வேலைய ஒரு நம்பர்ல வாங்கிக்கிட்டாங்க. இப்ப வந்து அந்தம்மா யாருன்னே தெரியாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

திரும்பி வருகிற வழியில், கோலாப்பிலா தாண்டியதும் கோமதி தொண்டையைச் செருமினாள். திட்டப் போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "காலைல பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கிறப்ப எம் பேர ஒரு நாளும் கூப்பிட்டதில்லீங்க. இன்னிக்குத்தான் கூப்பிட்டாங்க. அதுவும் முழுப் பேரு," என்றாள். மடியில் இருந்த பையைக் காலடியில் இறக்கி வைத்தேன்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எந்தத் தொகையைக் கணக்கில் வைத்துப் பணம் பிடித்தார்களோ அதே தொகையைக் கணக்கில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், குலையை யார் பொறுக்கினார் என்பது புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று இருந்தது. நிலுவையோடு முழுசாக வந்தது. கிராணி வீடு தேடி வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அதே தீர்ப்பின் நடுவில் இன்னொரு வரியும் இருந்தது: முதல் சாட்சி நம்பத்தகாதவர், இரண்டாம் சாட்சி முற்றிலும் நம்பத்தக்கவர். மகள் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துச் சட்டம் போட்டு, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் எனக்குப் பேச்சுரிமை குறைந்துவிட்டது. மருந்து போட்டாச்சு என்று சொன்னால் மகள் சமையலறைப் பக்கம் திரும்பி, "ரெண்டாம் சாட்சி என்ன சொல்றாங்க?" என்பாள். மாப்பிள்ளையும் கற்றுக்கொண்டுவிட்டார். கோப்பையில் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சில் கோமதி என்று இப்போது எழுதியிருக்கிறது. பொய் சொன்னதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். கேஸ் போட்டதற்கு ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. நாளைக்கே இன்னொரு கடிதம் வந்தாலும் போடுவேன்.

பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புவதற்கு முன்னால் இதைக் கோமதியிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை படித்தாள். கோப்பை முழ உயரம் எல்லாம் இல்லை, சாண் உயரம்தான் என்றாள். மற்றதெல்லாம் சரி என்றாள். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு பேர்ல போவுது இது?" என்று கேட்டாள்.

பேனாவை அவளிடமே கொடுத்தேன்.