மூளைக்குக் காது கேட்கவில்லை

போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவன் ஊசிக்குப் பயப்படலாமா? பயப்படலாம். நான் பயப்படுதேன். கத்தியோட பாஞ்சவனை வெறுங்கையால மடக்கிப் பிடிச்சிருக்கேன். ஆனா ஒரு நர்ஸு பஞ்சைக் கையில எடுத்தா நான் வாசலைத் தேட ஆரம்பிச்சுருவேன். இதை என் பெஞ்சாதி முப்பிடாதியம்மாகிட்ட யாரும் சொல்லிராதிய. அவளுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிராதிய.

அப்பேர்ப்பட்ட என்னைப் பாத்துத்தான் தென்காசியில டாக்டர் ஹுஸ்னா சொன்னாங்க.

"ஆறுமுகநயினார் சார், வெறும் வயித்துலயே சுகர் இவ்வளவு இருக்கு. ஒரு மாசம் டைம் தாரேன். இறங்கலன்னா இன்சுலின் ஊசிதான். தினமும்."

"தினமுமா?"

"தினமும்."

முப்பிடாதி சேலை முந்தானையை இழுத்துச் சொருகினா. "டாக்டரம்மா, இவுக களவாத் தின்னுதாகளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"ஏட்டி, யாரைப் பாத்து என்ன பேச்சு பேசுதே!"

"தின்னாமலும் ஏறும்மா"ன்னாங்க டாக்டர். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். "இன்சுலின் உடம்புல மட்டும் வேலை பாக்கலை. மூளைக்கும் போகுது. 'வயிறு நெறஞ்சாச்சு, போதும்'னு மூளைகிட்ட சொல்லுது. உடனே மூளை பசியை அடக்கும். கல்லீரல் சர்க்கரை விடுதே, அதையும் குறைக்கச் சொல்லும். சில பேருக்கு அந்தச் சேதி மூளைக்குச் சரியாக் கேக்காதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. அப்போ தின்னது போதாதுன்னு பசிக்கும். இவரு பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தன்பாட்டுல சர்க்கரையைக் கொட்டும்."

எனக்கு டக்குனு புரிஞ்சிட்டு. வயர்லெஸ்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, கண்ட்ரோல் ரூம்ல ஆள் தூங்குதான். ஆகக்கூடி குற்றவாளி நான் இல்லை, என் மூளை!

"நடந்து வயித்தைக் குறைச்சா, மூளைக்குத் திரும்பக் கேக்க ஆரம்பிக்கும்"னு டாக்டர் பின்னால ஏதோ சொன்னாங்க. அது என் காதுல விழலை.

எங்க ஊரு மேலகரம் வந்து சேருத வரைக்கும் பஸ்ஸுல அவளுக்குப் பாடம் எடுத்தேன். "கேட்டியா? நான் ஒண்ணும் திங்கலை. என் கல்லீரல் கொட்டுது. மூளைக்குக் காது கேக்கலைட்டி!"

"சரிங்க."

"இனிமே என்னைச் சந்தேகப்படக்கூடாது."

"இல்லைங்க."

இவ்வளவு சீக்கிரம் அவ ஒத்துக்கிட்டப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

இப்போ உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுதேன். நான் தின்னத்தான் செஞ்சேன். என் பழைய யூனிஃபார்ம் வைக்கிற தகரப்பெட்டிக்குள்ள, தொப்பிக்கு அடியில, அல்வாப் பொட்டலம். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி என் அரைஞாண் கயித்துல. சப்ளை பக்கத்து வீட்டு சேக் மைதீன். சவுதியில, தம்மாம்ல வேலை பாத்துட்டு ஊரோட வந்துட்ட மனுசன். குத்தாலம் போகும்போதெல்லாம் ரெயின்கோட்டுக்குள்ள மறைச்சு வாங்கிட்டு வந்து தருவாரு. முப்பிடாதி சாயங்காலம் கோயிலுக்குப் போனதும் நான் பெட்டியைத் திறப்பேன். பழியைக் கல்லீரல் சுமக்கும். இதுதான் திட்டம்.

சாரல் நேரம். மத்தியானமே வீட்டுக்குள்ள லைட் போடணும். ஜன்னல்ல பாத்தா மலை இருந்த இடத்துல மலை இருக்காது. காத்து இந்தப் பக்கம் திரும்பினா அருவிச் சத்தம் உள்ள வரும், பக்கத்து ரூம்ல யாரோ பேசிக்கிட்டே இருக்கிற மாதிரி. பிள்ளைங்க கோயம்புத்தூர்ல. வீட்டுல நாங்க ரெண்டே பேரு.

ஒரு நாள் பெட்டியைத் திறந்தா, அல்வா குறைஞ்சிருக்கு.

எலியா? எலி தின்னுட்டுப் பெட்டியைப் பூட்டிட்டா போகும்? மறுநாள் பொட்டலத்து மேல பேனாவால கோடு போட்டு வச்சேன். அதுக்கடுத்த நாள் பாத்தா கோட்டுக்குக் கீழ போயிட்டு. யார்கிட்ட கேக்க? கேட்டா, அல்வா யாருதுன்னு கேப்பா. எத்தனையோ களவு கேஸ் பாத்த எனக்கு, என் வீட்டுக் களவுக்கு ஒரு புகார் கொடுக்க முடியலை.

மறுநாள் மத்தியானத் தூக்கம் கலைஞ்சு எந்திச்சேன். முப்பிடாதி கட்டில் பக்கத்துல நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

"என்னட்டி அப்படிப் பாக்குதே?"

"இப்போ முழிச்சுத்தான இருக்கிய?"

"இதென்ன கேள்வி?"

"இல்லைங்க, செத்த முன்னாடியும் கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் இருந்திய. எந்திச்சு நடந்திய. 'ஏங்க'ன்னு கூப்பிட்டேன். திரும்பலை. சுவத்தைப் பாத்துக்கிட்டு வாயை மட்டும் அசைச்சிய."

"வாயையா?"

"மெல்லுத மாதிரி."

சும்மா கதை விடாதேட்டின்னு அதட்டக் கையை ஓங்கினேன். விரல் அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தது. மோந்து பாத்தேன். நெய் வாசம்.

மறுநாள் மீசைக்குள்ள எறும்பு ஊர்ந்து முழிச்சேன். மீசையில அல்வாத் துணுக்கு.

போலீஸ் மூளையை வச்சு யோசிச்சேன். சாவி என் இடுப்புல. இடுப்பு என்கிட்ட. அப்போ பெட்டிக்குப் போனது நான்தான். நான் தூங்கினேன், சரி. என் மூளை தூங்குச்சா? அதுக்குத்தான் 'போதும்'னு சொன்னாக் கேக்காதே! அதுக்குப் பசிக்குது. என்னைக் கேக்காம என் காலை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிருக்கு. எனக்குள்ள இருந்துக்கிட்டு, எனக்கே தெரியாம, எனக்குப் பங்கு தராம தின்னுருக்கு!

சேக் மைதீன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். மனுசன் முகம் வெளிறிட்டு.

"அண்ணாச்சி, எங்க கேம்புல ஒருத்தன் இப்படித்தான். தூக்கத்துல எந்திச்சு நின்னுக்கிட்டு, எங்களை ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாப்பான். காலையில கேட்டா ஒண்ணும் தெரியாதும்பான்."

"பொறகு?"

"பொறகென்ன, ஊருக்கு அனுப்பிட்டாங்க."

"என்னை எங்க ஓய் அனுப்புவாக? நான் ஊருலதான இருக்கேன்!"

அவரு கேட்டைச் சாத்திட்டு உள்ள போயிட்டாரு. அதுக்கப்புறம் அல்வா சப்ளை கிடையாது.

மறுநாள் மத்தியானம் தூங்கவே கூடாதுன்னு முடிவு பண்ணினேன். கட்டில்ல நிமிர்ந்து உக்காந்து எதிர்க்க இருந்த பீரோக் கண்ணாடியையே பாத்தேன். கண்ணாடியில ஒரு ஆளு என்னைப் பாத்துக்கிட்டிருந்தான். அருவிச் சத்தம் கூடிக்கிட்டே வந்தது. அவனுக்குக் கண்ணு சொருகுச்சு. எனக்கில்லை, அவனுக்கு. அவ்வளவுதான் ஞாபகம்.

முழிச்சப்போ கரண்டு இல்லை. தகரப்பெட்டி நடுவீட்டுல வாயைப் பொளந்து கிடக்குது. தொப்பி என் தலையில. வெறும் அல்வாத் தாளு என் கைக்குள்ள. கட்டில் பக்கத்துல என் செருப்பு, ஈரமா, புதுச் சேறோட. நான் வெளியில போயிட்டு வந்திருக்கேன். எங்க போனேன்? யாரைப் பாத்தேன்? குனிஞ்சு பாத்தேனா?

"முப்பிடாதீ!"

ஓடி வந்தா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், அழுதேன். "நான் நல்லா இல்லைட்டி. என்னைக் கட்டிப் போடு."

"பெட்டிக்குள்ள அல்வா எப்படிங்க வந்திச்சு?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். கடிகாரத்துக்குப் பின்னால இருந்த கடலைமிட்டாய், பரண்ல இருந்த பால்கோவா, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில இருந்த வெல்லம் பூசின சர்க்கரை உப்பேரி, அத்தனையும் என் கையாலயே எடுத்து ஒப்படைச்சேன். சாவியையும் அவுத்துக் கொடுத்தேன். அவ ஒரு வார்த்தை திட்டலை. அதுலதான் எனக்குக் குலையே நடுங்கிட்டு. அவ்வளவு முத்திப்போச்சா என் நிலைமை?

"பயப்படாதிய. இதையெல்லாம் கோயில் வாசல்ல பிள்ளைகளுக்குக் கொடுத்துருதேன்"னு முந்தானையில அள்ளிக் கட்டிக்கிட்டா. கிழிஞ்ச சேலையில ஒரு துண்டை எடுத்து என் காலைக் கட்டிலோட கட்டினா. அன்னையில இருந்து மத்தியானம் கட்டோடதான் தூக்கம். காலையில என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு அருவிக்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போவா. அல்வாக் கடை, சிப்ஸ் கடையெல்லாம் மூடுபனிச் சாரல்ல வரிசையா நிக்கும். நான் கண்ணை மூடிக்கிடுவேன். என் மூளை பாத்துரக்கூடாது பாருங்க.

மாசக் கடைசி. டாக்டர் ஹுஸ்னா ரிப்போர்ட்டைப் பாத்துச் சிரிச்சாங்க. "சபாஷ் சார்! நல்லா இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம்."

எனக்குப் போன உசுரு திரும்பி வந்தது. சந்தோசத்துல வாய் நிக்கலை. என் மூளை என் காலை எடுத்துக்கிட்டு நடந்த கதையை ஒண்ணு விடாமச் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடினாங்க. "சார், மூளைக்கு இன்சுலின் சேதி கேக்கலைன்னா பசி எடுக்கும், சர்க்கரை கூடும். அதுக்காக அது பூட்டைத் திறந்து, தின்னுட்டு, திரும்பப் பூட்டிட்டுல்லாம் வராது. யாரு சொன்னா இப்படி?"

நான் திரும்பிப் பாத்தேன். பக்கத்து நாற்காலியில முப்பிடாதி இல்லை. அவளை நர்ஸு எடை மிஷின் மேல ஏத்தி நிறுத்தியிருந்தா.

"டாக்டர், அம்மாவுக்குப் போன தடவைக்கு மூணு கிலோ கூடியிருக்கு!"

"ஒரே மாசத்துலயா? அப்படி என்னம்மா சாப்பிட்டீங்க?"

முப்பிடாதி மிஷினை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னா: "இவுக தூக்கத்துல தின்னதைத்தான் டாக்டரம்மா."