வண்டியை இறக்கிய கீரியும் ரோட்டை ஏற்றிய உயரதிகாரியும்

தார்ரோடும் சிக்னலும் வந்துவிட்ட ஒரு காட்டில் தெய்வானை என்றொரு கீரி இருந்தாள். காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வாங்கி, நோயாளிகளின் பொந்துக்கும் புதருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. அதற்கென்று ஆஸ்பத்திரி ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் ஒட்டகச்சிவிங்கி. வாகனப் பிரிவின் உயரதிகாரி. அந்தப் பதவிக்கு அவரிடம் இருந்த தகுதி அந்தச் சொல்லின் முதல் பாதி மட்டுமே. கடையில் தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். "எனக்கே முழங்கால் இடிக்கலை. அப்ப எல்லாருக்கும் பொருந்தும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தெய்வானைக்குக் கால் எட்டவில்லை. வண்டி ஓடும்வரை தொல்லையில்லை, நிற்கும்போதுதான் வினை. சிவப்பு விளக்கு விழுந்ததும் இடுப்பைச் சரித்துக் கால் நுனியால் தரையைத் தேடுவாள். தரை இருக்கும், கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும். வண்டி சாயும், கூடவே அவளும் சாய்வாள். பக்கத்தில் நிற்கும் குரங்குகள் தூக்கிவிட வராது. போனை எடுத்துப் படம் பிடிக்கும்.

ஒருநாள் அப்படி விழுந்ததில் மூச்சிரைப்புக்கார ஆமையின் மருந்து பாட்டில் உடைந்துபோனது. திரும்பிப் போய் வேறு பாட்டில் வாங்கிவருவதற்குள் ஆமைக்குக் கண் செருகிவிட்டது.

மருந்து உள்ளே போய்ப் பேச்சு வந்ததும் ஆமை சொன்னது: "மெதுவுக்கு என்னைத்தான் சொல்லுவாங்க. நீ என்னையும் மிஞ்சிட்டே தாயி."

தெய்வானைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நேராக மெக்கானிக் கரடி செபஸ்தியிடம் போனாள்.

"அண்ணே, இதை எனக்குத் தக்கபடி இறக்கித் தர முடியுமா?"

"முடியும் தங்கச்சி. ஆனா சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்கணும், இல்லாட்டி நிறுத்தினா மறுபக்கம் சாயும். ஸ்பீடு பிரேக்கர்ல நிதானமா ஏத்து, அடி உரசும்."

பின்னால் குட்டை ஷாக் அப்சார்பர் மாட்டி, முன் ஃபோர்க்கை அதன் பிடிப்புக்குள் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் தாழ்த்தி, சீட்டுக்குள் இருந்த ஸ்பாஞ்சைச் செதுக்கிக் கொடுத்தது கரடி. தெய்வானை ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. ஹெல்மெட்டுக்குள் அவள் அழுதது யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு பாட்டில்கூட உடையவில்லை. குரங்குகளுக்குத்தான் பொழுது போகவில்லை.

வண்டிகளைச் சோதிக்கும் நாள் வந்தது. உயரதிகாரி கழுத்தை வளைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டி ஏன் குட்டையா இருக்கு?"

"நான் குட்டையா இருக்கேன் ஐயா."

"அது உன் குறை. அதை ஏன் வண்டி மேல ஏத்துறே?"

"ஏத்தலை ஐயா, இறக்கினேன்."

"வாய் மட்டும் நீளம். கம்பெனிக்காரன் இந்த உயரத்துல செஞ்சிருக்கான்னா ஒரு காரணம் இருக்கும். உன்னை இந்த உயரத்துல படைச்சதுக்குத்தான் ஒரு காரணமும் தெரியலை."

சுற்றி நின்றவை சிரித்தன. சிரிக்காவிட்டால் அடுத்த சோதனை தங்கள் வண்டிக்கு என்பது அவற்றுக்குத் தெரியும். வண்டி பழைய உயரத்துக்கே போனது. மறுநாளே தெய்வானை சிக்னலில் விழுந்து முன்னங்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட காலோடு அலுவலகத்துக்குள் நுழைந்து கத்தினாள்.

"வண்டியை இறக்கக் கூடாதுன்னா, ரோட்டை ஏத்துங்க!"

வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஆனால் அந்த நீளக் கழுத்து மெல்ல இறங்கி முதல்முறையாக அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

மழைக்காலம் முடிவதற்குள் 'தரை உயர்த்தும் திட்டம்' வந்துவிட்டது. சிக்னலுக்குச் சிக்னல், குட்டையானவர்கள் கால் ஊன்ற ஒரு சிமெண்ட் மேடை. கான்ட்ராக்ட் உயரதிகாரியின் மச்சான் காட்டெருமைக்கு. ஒட்டகச்சிவிங்கிக்குக் காட்டெருமை எந்த வகையில் மச்சான் என்று காட்டில் ஒருவரும் கேட்கவில்லை. திறப்பு விழாவில் தெய்வானைக்கு மாலை போட்டு, மேடையில் கால் ஊன்றவைத்துப் படம் எடுத்தார்கள்.

மேடை பாதி ரோட்டை அடைத்தது. அதில் முட்டி ஒரு முயலுக்குத் தாடை பெயர்ந்தது. "பார்த்து வரணும்" என்றார் உயரதிகாரி. மேடை இல்லாத இடத்தில் பன்றி ஒன்று குறுக்கே வர, தெய்வானை பிரேக் அடித்து மறுபடி விழுந்தாள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டார்: "அப்ப அங்கேயும் ஒண்ணு கட்டிடலாம்." அங்கேயும் இங்கேயும் கட்டிக் கடைசியில் மேடைதான் இருந்தது, ரோடு இல்லை. மருந்து போவது நின்றது. ஆமை மருந்துக்காகத் தானே நடந்து கிளம்பியது. இன்னும் வந்து சேரவில்லை.

திட்டம் பெரிதானதால் அதற்கு மேற்பார்வை வேண்டியிருந்தது. யோசனை சொன்ன தெய்வானையையே நியமித்தார்கள். அறை கொடுத்தார்கள், மின்விசிறி கொடுத்தார்கள். அவள் முன்னால் வந்த முதல் உத்தரவு, வண்டியின் உயரத்தைக் குறைத்த குற்றத்துக்காகச் செபஸ்தியின் ஒர்க்‌ஷாப்பை மூடச் சொன்னது.

தெய்வானை பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, இதுல நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"போட வேண்டாம்மா. காட்டுல வேற கீரி இல்லையா என்ன?"

தெய்வானை ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் கரடி ஓடிவந்தது. "தங்கச்சி, நீ கேட்டுத்தானே செஞ்சு கொடுத்தேன்!"

"கேட்டா செஞ்சிடறதா அண்ணே?" என்றாள் தெய்வானை, தலையை நிமிர்த்தாமல். "சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

நீதி: கால் எட்டவில்லை என்றால் வண்டியை இறக்காதே, ரோட்டை ஏற்றச் சொல். வண்டியை இறக்கினால் நீ ஒருத்தி ஒழுங்காக வேலை பார்ப்பாய். ரோட்டை ஏற்றினால் யாருமே வேலை பார்க்க வேண்டியதில்லை.