கைகாட்டிக்கு இடமில்லை

வழி சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு மனித இனம் உண்டு. மூன்று ரோடு சேரும் இடத்தில் கைகாட்டி மரம் நிற்குமே, அதே இனம்தான். கால் இரண்டு மட்டும் கூடுதல். ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு எந்த நோவுக்கு எந்த டாக்டர் என்று எல்லாருக்கும் சொல்லுவார். தன் முழங்கால் வலியை மட்டும் பத்து வருஷமாக யாரிடமும் காட்டியிருக்க மாட்டார். இன்னொருவர் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் நின்று ஊர்ப் பத்திரத்தையெல்லாம் திருத்திக் கொடுப்பார். அவர் வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். கேட்டவன் எல்லாம் தன் ஊரைப் பார்த்துப் போய்விடுவான். மரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்த இனத்தில் முதல் தரமான உருப்படி ஒன்று என் கூரைக்குக் கீழேயே வாழ்ந்தது. என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறதே, அது என்னுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். செங்கல் சுமந்தேன், கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன், கடைசியில் எனக்கென்றே ஒரு கட்டடம் கட்டிக்கொண்டு மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டேன். இன்றைக்கும் அதில் ஒரு விரிசல் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன். படித்தவர்கள் கட்டிய பள்ளிக்கூடத்தில் நான் படிக்கவில்லை. நான் கட்டிய கட்டடத்தில்தான் அவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொன்னால் தற்பெருமை என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் மாடி மூலை அறைக்காரன் உயிரியல் பட்டம் படிக்க வந்தவன். அவனோடு வந்தவர்கள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், சிலர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுகூட அவன் மாடிப்படித் திருப்பத்தில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. ஆனால் நான் வைத்த பெயர்தான் நிலைத்தது: கைகாட்டி.

உயிரியல் என்றால் பூச்சியையும் பூவையும் பார்த்துப் படம் போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் தங்கை மகள் அந்தப் படிப்புக்குச் சேர்ந்து என் வீட்டிலேயே தங்கிய பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. பூச்சியைத் தொடுவதற்கு முன் வேதியியல் முடிக்க வேண்டுமாம். பொது உயிரியல் முடிக்காமல் செல் உயிரியல் கிடையாது, செல் உயிரியல் முடிக்காமல் மரபியல் கிடையாது, புள்ளியியல் இல்லாமல் ஆய்வுத் திட்டம் கிடையாது. நடுவில் இயற்பியல் ஒன்று, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அறிவியலே இல்லாத பாடங்களும் சில எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முழுமையாக மாட்டானாம். எல்லாவற்றுக்கும் மேலே களப்படிப்பு என்று ஒன்று. முன்தேவைப் பாடம், கட்டாயப் பாடம், விருப்பப் பாடம் என்று பெயர் பெயராக வைத்திருக்கிறார்கள். அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்பாதே, சுவர் இல்லாமல் தளம் போடாதே என்றால் முடிந்தது. எங்கள் தொழிலில் இதைச் சித்தாளுக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் காட்டுக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் வெளியே வருகிறவன் ஒருவன் இருந்தான். வெளியே வரமாட்டான், அது வேறு விஷயம். மற்றவர்களை வெளியே அனுப்புவான்.

அவனிடம் யோசனை கேட்பதற்கு ஒரு முறை உண்டு. போய் நின்றதும் பதில் வராது. முதலில், "எந்த வருஷம் சேர்ந்தே?" என்பான். பாடத்திட்டம் நடுவில் ஒரு முறை மாறியிருக்கிறது. பழைய திட்டமா, புதிய திட்டமா என்று தெரியாமல் அவன் வாயைத் திறக்க மாட்டான். அப்புறம் கண்ணை மூடுவான். விரல் கணுக்களில் எதையோ எண்ணுவான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "பொதுவா எல்லாரும் செய்ற தப்பு என்னன்னா" என்று ஆரம்பிப்பான். வேதியியல் பல்வலி மாதிரி, தள்ளிப்போட்டால் தாடையும் சேர்ந்து வலிக்கும் என்பான். மரபியலையும் புள்ளியியலையும் ஒரே பருவத்தில் எடுப்பது ஒரே வீட்டில் இரண்டு மாமியாரை வைத்துக்கொள்வது மாதிரி என்பான். இரண்டு மாமியார் எப்படி வருவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அறுத்துப் பார்க்கும் ஆய்வகத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் எடுக்காதே என்பான். கடைசியில், "நான் சொன்னேன்னு சொல்லாதே" என்று முடிப்பான். ஊர் முழுக்க அவன் சொன்னான் என்றுதான் சொல்லும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் சொன்னது ஒன்றுகூடப் பிசகியதில்லை. அவன் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் நேரத்துக்குப் பட்டம் வாங்கினார்கள். அப்படியானால் அவன் ஏன் வாங்கவில்லை?

களப்படிப்பு. அது ஒன்றுதான் அவனுக்குப் பாக்கி. ஆறு கடலில் சேரும் சேற்றுப் பரப்புக்குப் படகில் போய், ஒரு வாரம் தங்கி, முழங்கால் சேற்றில் நின்று நண்டையும் புழுவையும் எண்ணிக்கொண்டு வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். படகில் ஒரு டஜன் பேர்தான் ஏறலாம், ஆகையால் ஒரு டஜன் இடம்தான். முதல் வருஷம் போனால் கூடை தூக்கத்தான் விடுவார்கள் என்று போகவில்லை. அடுத்த வருஷம் வந்த பேராசிரியர் கோபக்காரர். அதற்கடுத்த வருஷம் மழை. ஒரு வருஷம் அலை ஏறும் நேரம் சரியில்லை. ஒரு வருஷம் எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சேற்றில் கால் வைக்க நல்ல நேரம் பார்த்தவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சேற்றுக்கா பயந்தான்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டம் வாங்கி வெளியே போனால் அவன் பத்தோடு பதினொன்று. என் மாடிப்படித் திருப்பத்தில் அவன் ராஜா. சிம்மாசனம் பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன, எழுந்து போக யாருக்கு மனசு வரும்?

ஆனால் ராஜாங்கத்துக்கும் ஒரு கெடு இருந்தது. சேர்ந்து இத்தனை வருஷத்துக்குள் பட்டத்தை முடிக்காவிட்டால் அதுவரை தேறிய பாடம் எல்லாம் செல்லாது, மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எல்லாருக்கும் விளக்கிச் சொன்னவனே அவன்தான். அவனுக்கு இது கடைசி வருஷம். அவன் அம்மா என் மனைவிக்கு வாரம் தவறாமல் போன் செய்து, பையன் இந்த வருஷமாவது முடித்துவிடுவானா என்று கேட்பாள். மகனிடம் கேட்டால் அவன் அவளுக்கும் யோசனை சொல்லிவிடுகிறானாம்.

களப்படிப்புக்குப் பெயர் பதியும் நாள் வந்தது. எல்லாம் செல்போனிலேயே செய்கிற பதிவுதான். காலையிலிருந்தே என் மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள், திருப்பத்தில் கைகாட்டி. பதிவு திறந்ததும் யார் எதை அழுத்த வேண்டும், எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று கட்டடத்துக்குத் தளம் போடும் நாளில் மேஸ்திரி நிற்கிற மாதிரி நின்று வேலை வாங்கினான். என் தங்கை மகளுக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் வருஷத்திலேயே போய்விடு என்று அவன்தான் அவளுக்குச் சொல்லியிருந்தான். கீழ் அறைக் கண்ணாடிக்காரனின் போனில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். கைகாட்டி அந்தப் போனை வாங்கி, என்னென்னவோ செய்து, தானே பதிந்து, தானே அழுத்தி, "கிடைச்சிருச்சுடா" என்று திருப்பிக் கொடுத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். கைகாட்டி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகத் தன் போனை எடுத்தான்.

இடங்கள் நிரம்பிவிட்டன என்றது போன்.

எவனாவது தன் தலைக்கு மேலே தானே தளம் போட்டு, வெளியே வர வாசல் வைக்க மறப்பானா? இவன் மறந்தான். கடைசி இடத்தைத் தன் கையாலேயே அழுத்தி இன்னொருவனுக்குக் கொடுத்தவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துறை ஆபீசுக்கு ஓடினான். மிதவைச் சட்டை ஒரு டஜன்தான் இருக்கிறது, பதிமூன்றாவது ஆள் நீந்தித்தான் வரவேண்டும் என்று அங்கே இருந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். யாராவது விலகினால் இடம் கிடைக்கும். மாலையில் பதிவு மூடிவிடும். திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் படியில் உட்கார்ந்தான். அப்போது பார்த்து அவன் அம்மாவின் போன். என் மனைவி எடுத்து, "நல்லா இருக்கான்மா, படியிலதான் உட்கார்ந்திருக்கான்" என்றாள். பொய்யில்லை.

என் வீட்டில் ஒரு சுவர் சாய்ந்தால் நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேனா? இடம் கிடைத்தவர்களில் என் கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்கள் என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிடித்த இடத்தை விட்டால் திரும்ப வராது என்றான் ஒருவன். களப்படிப்பைத் தள்ளிப்போட்டவன் உருப்பட்டதில்லை என்றான் இன்னொருவன்.

"இதெல்லாம் யாருடா உங்களுக்குச் சொன்னது?" என்றேன்.

எல்லாரும் படியைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரன் மட்டும் வாயைத் திறந்து, "நான் வேணா விட்டுடட்டுமா அண்ணா?" என்றான்.

"உனக்கு இதுதாண்டா கடைசிப் பருவம். இதை விட்டா உனக்குக் கிடைச்சிருக்கிற வேலை போயிடும். பேசாம இரு" என்றான் கைகாட்டி.

என் தங்கை மகள் முன்னால் வந்தாள். "எனக்கு இன்னும் காலம் இருக்குண்ணா. என் இடத்தை எடுத்துக்குங்க."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் வாய் மூடுவதற்குள் வாங்கியிருப்பேன். அவன் கண்ணை மூடினான். விரல் கணுக்களை எண்ணினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம்மா. அடுத்த வருஷம் உனக்கு மரபியல் ஆய்வகம் வரும். ரெண்டும் ஒரே வாரத்துல மோதும். பொதுவா எல்லாரும் செய்ற தப்பு இது. நீ விடாதே."

தன் கழுத்துக்குக் கயிறு வந்த நேரத்திலும் பிசகில்லாத யோசனை. அதுவும் தனக்கு எதிராகவே. அந்த இடத்தில்தான் பயல் எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனான்; வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணா, ரெண்டு வருஷமா நீங்க சொன்னதை எல்லாம் கேட்டேன்ல? இன்னைக்கு ஒரு நாள் கேக்கப் போறதில்ல. போனை எடுங்க. நான் விடுற நொடியில நீங்க அழுத்தணும்" என்றாள் அவள்.

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"அண்ணா, எதுவும் சொல்லாம அழுத்துங்க."

அவன் போனை எடுத்தான். எத்தனையோ பேருக்கு அழுத்திக் கொடுத்த விரல், தனக்கென்று வந்ததும் பொத்தானைத் தேடியது. அழுத்தினான். கிடைத்தது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை; எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

சேற்றில் நடந்ததைக் கண்ணாடிக்காரன் வந்து சொன்னான். படகில் ஏறியதும் கைகாட்டி படகோட்டிக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தானாம். படகோட்டி காது கொடுக்கவே இல்லையாம். முதல் நாளே இடுப்பு வரை புதைந்து, நாலு பேர் சேர்ந்து இழுத்து, ஆள் வந்துவிட்டான், ஒரு செருப்பு வரவில்லையாம். எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று அவனுக்குத்தான் மற்றவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். மூன்றாம் நாளிலிருந்து பேச்சே இல்லையாம். குனிந்து புழுவை எண்ணியவன் நிமிரவில்லையாம்.

தேறிவிட்டான். பட்டம் வந்தது. அவன் அம்மா போனில் அழுததில் என் மனைவியும் அழுது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒரு மீன் பண்ணையில் வேலை கிடைத்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தவன், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருந்தால் குழாயில் வேகம் இருக்கும் என்று எனக்கே யோசனை சொன்னான். என்னிடமே! வெளியே போடா என்றேன். சிரித்துக்கொண்டே போனான். அடுத்த வருஷம் என் தங்கை மகளுக்கு அவன் சொன்னபடியே இரண்டு பாடமும் மோதின. துறைத் தலைவரிடம் அவளே போய்ப் பேசி ஆய்வகத்தை வேறு பருவத்துக்கு மாற்றிக்கொண்டாள். வானம் இடிந்து விழவில்லை.

சரி. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்தீர்களே, உங்கள் மனசு நடுவில் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? முட்டாள், முதலில் தன் பெயரையல்லவா பதிந்திருக்க வேண்டும் என்றீர்கள். அந்தப் பெண் இடத்தை விட்டிருக்கக் கூடாது என்றீர்கள். இந்த மனுஷன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கெஞ்சுவதற்குப் பதில் நேரே துறைத் தலைவரைப் பார்த்திருக்கலாமே என்று எனக்கும் ஒன்று சொல்லியிருப்பீர்கள். எல்லாம் அருமையான யோசனைகள். ஒன்றிலும் பிசகில்லை. அது கிடக்கட்டும், வருஷக்கணக்காக நாளைக்கு நாளைக்கு என்று நீங்கள் தள்ளிக்கொண்டு வருகிறீர்களே உங்கள் காரியம் ஒன்று, அது என்ன ஆயிற்று? என்ன, இந்த வருஷம் அதற்குத் தோதாக இல்லையா?

அப்படியானால் நேரே வந்துவிடுங்கள். மூன்றாம் மாடி மூலை அறை காலியாகத்தான் இருக்கிறது. நல்ல காற்று வரும்.