இரண்டு டிராம்போன், ஒரு சாவு வீடு

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்று முத்துத்தாய் மறுபடியும் சொன்னாள். கடைசி இரண்டு தடவையும் மருமகள் நாகஜோதி ஊதிக் காட்டியது ஒரே டிராம்போனைத்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

"அத்தே, ஒண்ணத்தான் வச்சுக்க முடியும். இன்னொண்ண நாளைக்கு மதுரைக் கடையில திருப்பிக் குடுக்கணும். எதுன்னு சொல்லுங்க."

"ஒனக்கு எது பிடிச்சிருக்கோ அதுதான் தாயி நல்லாருக்கு."

பாலவனத்தம் ஊரில் இது ஒரு வியாதி. உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் "நல்லாருக்கு, போதும்" என்பார்களே தவிர, உப்பில்லை என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூட பேண்டில் பிடித்த டிராம்போனை நாகஜோதி கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே ஒரு டிராம்போன் நாற்காலி காலியாக இருந்தது. அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் குழுவின் தலைவர் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "உங்க கையில இருக்கிறது ஊர்வலத்துக்கு ஆகும், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆகாது. மெதுவா ஊதினாலும் கடைசி வரிசைக்காரர் நெஞ்சுல போய் விழணும். அப்படி ஒரு வாத்தியத்தோட வாங்க."

மதுரைக் கடைக்காரர் நம்பி இரண்டைக் கொடுத்தனுப்பினார். இரண்டுக்கும் தடித்த குழாய், கழுத்துக்குப் பின்னால் ஒரு சுருள், அதைத் திறக்க இடது கட்டைவிரலுக்கு ஒரு சாவி. வித்தியாசமெல்லாம் முன்னால் விரிந்திருக்கும் வாயில்தான். ஒன்று மஞ்சள் பித்தளை. மற்றது செம்பு கூடிய சிவப்பு. நாகஜோதியின் காதுக்கு மஞ்சள்தான் தேனாக இருந்தது. ஆனால் கடைக்காரர் எச்சரித்திருந்தார்: "ஊதுறவங்க காது வாத்தியத்துக்குப் பின்னாடி இருக்கும்மா. அதை நம்பாதீங்க. தள்ளி உட்கார்ந்து கேக்கிறவங்கதான் சொல்லணும். எது எதுன்னு அவங்களுக்குத் தெரியவும் கூடாது."

முந்தின நாள் தெருப் பெண்களைக் கூப்பிட்டு ஊதிக் காட்டினாள். எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள். ஒருத்தி மட்டும் மஞ்சள் அவள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்றாள்.

வாசல் தகரக் கொட்டகையில், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமனார் கருத்தப்பாண்டி கனைத்தார். மருமகளிடம் அவர் நேரே பேசுவதில்லை. எதுவானாலும் முத்துத்தாய் வழியாகத்தான். "ஏத்தா, அது காட்டுப்பன்னி வெரட்டவாச்சும் ஆகுமான்னு கேளு. அப்படியே அருப்புக்கோட்டைக்குப் போயி எனக்கு வெத்தல வாங்கிட்டு வா. இங்கன விக்கிறது தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"இம்புட்டு நாளும் எறங்குச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டே முத்துத்தாய் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கருத்தப்பாண்டி ஒரு பழைய வேட்டியைத் தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். நாகஜோதி கதவைச் சாத்திக்கொண்டு, தேர்வில் வாசிக்க வேண்டிய மெதுவான பகுதியை எடுத்தாள். நீள நீளமான சுரங்கள்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டப்பகலில் டிராம்போன் இழுத்து இழுத்து அழுதால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ செத்து, வீட்டு வாசலில் பேண்டு செட்டு இறங்கிவிட்டது. இது நாகஜோதிக்கும் தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டாள்.

கதவைத் திறந்தபோது உள்ளூர்க்காரன் வீரபாண்டியின் ஷேர் ஆட்டோவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கட்டிலைச் சுற்றிப் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள். கருத்தப்பாண்டியின் கால்மாட்டில் ஏற்கெனவே மூன்று மாலைகள்.

"ஐயோ, மாமா தூங்குறாக" என்றாள் நாகஜோதி.

"ஆமா தாயி, தூக்கத்துலயே போயிட்டாக. யாருக்கு வாய்க்கும் இந்தச் சாவு?" என்று ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இல்ல, நெசமாவே தூங்குறாக."

"மனசு ஒத்துக்கிறாதுதான்."

தட்டி எழுப்பலாமென்றால், மாமனாரைத் தொடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. "மாமா, மாமா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மருமகளே கதறுகிறாளே என்று அழுகை இன்னும் ஏறியது. சத்தத்தில் எழுந்துவிடுவார் என்று உள்ளே ஓடி, கைக்கு வந்த மஞ்சள் டிராம்போனை எடுத்துவந்து, வயிற்றிலிருந்து ஒரு முழக்கம் விட்டாள். கருத்தப்பாண்டி அசையவில்லை. மேலத்தெரு மொத்தமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டது.

கூட்டத்துக்கு வெளியே ஒருத்தி தனியாக நின்றாள். கருத்தப்பாண்டியின் தங்கை, திருச்சுழியில் வாழ்க்கைப்பட்ட பிச்சையம்மாள். கிணற்றுத் தகராறில் அண்ணனோடு பேச்சை முறித்தவள், நாகஜோதியின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. இரண்டு பஸ் மாறி இதற்குள் எப்படி வந்தாள் என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல், தாடையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டாத தாயி, ஊது. மருமக நீ செய்யிற மரியாதை அதுதான்" என்றார்கள் பெண்கள்.

அப்போதுதான் நாகஜோதிக்கு அந்தப் பொல்லாத எண்ணம் வந்தது. தள்ளி நின்று கேட்க ஒரு கூட்டம். எது எதென்று தெரியாத கூட்டம். கருத்துச் சொல்லப் போவதில்லை என்பதால் பொய்யும் சொல்லாத கூட்டம். மாமனார் எழுந்ததும் எப்படியும் ஊர் கிழிக்கத்தான் போகிறது. கிழிபடுவதற்கு முன் ஊதிப் பார்த்துவிட்டால் என்ன? சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மஞ்சளில் அந்த மெதுவான பகுதியை வாசித்தாள்.

பெண்கள் முறைப்படி அழுதார்கள். அழுகைக்கு நடுவே ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, "விருதுநகர் பஸ்ஸு போயிருச்சாக்கா?" என்று கேட்டாள். பிச்சையம்மாள் புடவையில் ஒட்டிய ஒரு நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிப் போட்டாள்.

நாகஜோதி உள்ளே போய்ச் சிவப்பை எடுத்துவந்து அதே பகுதியை வாசித்தாள். அவள் காதுக்கு அது மங்கலாகத்தான் கேட்டது. ஆனால் பாதியில் அழுகைச் சத்தம் நின்றது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் போட்ட இடத்தில் நின்றார்கள். தெரு முக்கில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர் பீடியைக் கீழே போட்டார். பிச்சையம்மாளின் தாடை நடுங்கியது.

"அண்ணே" என்று அவள் கட்டில் காலில் வந்து விழுந்தாள். "கெணறு கெடக்கு கெணறு. ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டியே."

நாகஜோதிக்கு விடை கிடைத்துவிட்டது. சிவப்புதான். சந்தேகமே இல்லை. மஞ்சளை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தால் நாற்காலி கைநழுவியிருக்கும். சந்தோஷம் தாங்காமல் சிரித்துவிட்டாள்.

"மாமனாரு செத்ததுக்கு மருமக சிரிக்கிறா பாருங்கடி" என்றது ஒரு குரல்.

இதற்குள் வெற்றிலைக் கட்டோடு முத்துத்தாய் வந்து சேர்ந்தாள். மாலைகளைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், ஒரே இழுப்பில் போர்த்தியிருந்த வேட்டியை உருவினாள். கருத்தப்பாண்டி எழுந்து உட்கார்ந்து, "மனுசன அசந்து தூங்க விட மாட்டீகளா?" என்றார்.

இரண்டு பேர் ஓடினார்கள். பிச்சையம்மாள் ஓடவில்லை. கிடந்த மாலையை எடுத்து அண்ணன் முதுகில் பூ உதிர உதிர அடித்தாள். அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, பல வருசப் பேச்சையும் பேசி, ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஊர் மட்டும் நாகஜோதியை விடவில்லை. ஊதுகுழலால் ஒரு மனுசனைச் சாகடித்தவள் என்று பேரானது. அவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

சென்னையில் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சொன்னார்கள். ஊதுகிறவர் யாரென்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. சிவப்பு டிராம்போனில் அந்த மெதுவான பகுதி முடிந்ததும், திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நாற்காலி கிடைத்துவிட்டது என்று நாகஜோதிக்கு அப்போதே தெரிந்துபோனது. சாயங்காலம் அவர்களும் அதையே சொன்னார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வீரபாண்டி ஆட்டோவோடு காத்திருந்தான். டிராம்போன் பெட்டிக்குத் தனி சீட்டு கொடுத்து, ஊர் எல்லையிலிருந்தே ஹாரனை அடித்துக்கொண்டு வந்தான். அவளுக்குத்தான் மனசு உறுத்தியது.

"அண்ணே, அன்னைக்கு நான் ஊதுனதக் கேட்டு எல்லாரும் பதறி வந்தீக. என்னை மன்னிச்சிருங்க."

வீரபாண்டி கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"நீ ஊதுனதக் கேட்டு யாரு தங்கச்சி வந்தா? 'நல்லாருக்கான்னு கேட்டா நம்ம ஊருல ஒருத்தனும் நெசத்தச் சொல்ல மாட்டான். நான் செத்துட்டேன்னு சொல்லி ஆளுகளக் கூட்டிட்டு வா, திருச்சுழிக்கும் சொல்லி விடு, எத ஊதுனா நெசமா அழுகுறாகன்னு அந்தப் புள்ள பாத்துக்கிறட்டும்'னு விடியக்காலையிலேயே எனக்குப் போன் போட்டது உங்க மாமாதான்."