கெண்டைக்கால் முடிச்சும் கைவிட்டுப் போன கிடாவும்

அரைகுறையா தெரிஞ்ச வைத்தியத்த வீட்டுக்குள்ள வச்சுப் பண்ணுனா நாசம் நம்மளோட போயிரும். நான் ஓணத்து வடம்வலி ஃபைனல்ல, ஊரே பாக்கப் பண்ணேன்.

எங்க ஏலத்தோட்டம் உடும்பஞ்சோலை பக்கம். ஓணம்னா கயிறு இழுக்குற போட்டி, ஜெயிச்சா ஒரு கிடா. எங்க லயத்து டீம், அதான் தோட்டத்து லைன் வீட்டு ஆளுங்க, ஃபைனலுக்குப் போனது அதான் மொத தடவ. (அம்மா காலையிலயே கறி மசாலா அரைச்சு வச்சிருச்சு. கிடா இன்னும் கமிட்டிக்காரங்க கையில நிக்குது!)

எனக்கோ ஒரு மாசமா வலது கணுக்கால் வலி. தைலம், ஐஸு, கட்டு, சகல மரியாதையும் கணுக்காலுக்கே பண்ணியாச்சு. பிசியோதெரபி படிக்கிற எங்கக்கா லீவுக்கு வந்தப்ப அதத் தொடக்கூட இல்ல. கெண்டைக்கால்ல ஒரு முடிச்சத் தேடிப்புடிச்சு பெருவிரலால அமுக்குச்சு.

“அய்யோ, கணுக்காலு!”

“பாத்தியா? தசை இங்க முறுக்கிக் கெடக்கு, வலி அங்க போயி எறங்குது. தெனமும் உக்காந்து, மெதுவா, மூச்ச விட்டு அமுக்கு. நாளைக்குக் கயிறு பக்கம் போன, ரெண்டு காலையும் ஒடச்சிருவேன்.”

போனேன்.

ஃபைனல்ல ரெண்டு டீமும் குதிகால மண்ணுல ஊனி மல்லாந்து கெடக்கு, ஒரு இஞ்சு நகரல. கணுக்கால் விண்ணு விண்ணுங்குது. நமக்குத்தான் ரகசியம் தெரியுமே! இடது காலத் தூக்கி, குதிகாலால வலது கெண்டைக்கால்ல விட்டேன் ஒரு அமுக்கு.

எடம்னா எடம், அப்பிடி ஒரு எடம்! அக்காவே அவ்வளவு கரெக்டா அமுக்கல. வலி சரக்குன்னு கணுக்காலுக்கு எறங்க, கயித்த விட்டுட்டு ரெண்டு கையாலயும் காலக் கட்டிப் புடிச்சேன். பின்னாடி நின்ன பக்கத்து வீட்டு மாரியண்ணே எம்மேல, அவரு மேல மத்தவங்க. அந்தக் குவியல அப்பிடியே கோடு தாண்டி இழுத்துட்டுப் போயிட்டானுங்க.

“ஏலே, பாம்பு கீம்பு கடிச்சிருச்சா?” மாரியண்ணே பதறிட்டாரு.

“இல்லண்ணே… கெண்டைக்கால்ல ஒரு முடிச்சு…”

“அப்ப அந்தக் கால வெட்டி ஒங்காத்தா மசாலாவுல போடவா?”

ஜெயிச்ச டீம் கேப்டன், கிடாவத் தோள்ல போட்டுக்கிட்டு எங்கிட்ட வந்தாரு. “மோனே, அடுத்த ஓணத்துக்கும் நீ வரணும் கேட்டோ!”

அந்த மசாலாவுல உருளக்கெழங்குதான் வெந்துச்சு. லயமே என் காலப் பாத்துக்கிட்டே தின்னுச்சு.

அதுக்கப்பறம் வீட்டுல ஏணி புடிக்கணும்னாலும் சரி, கேஸ் சிலிண்டர் தூக்கணும்னாலும் சரி, மொதல்ல விசாரிக்கிறது என் கெண்டைக்காலத்தான். போன மாசம் அக்காவுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. ஆசையா கைய நீட்டுனேன்.

“கெண்டைக்கால் எப்பிடிடா இருக்கு?”ன்னுச்சு அக்கா.

நல்லாருக்குன்னு சொல்ல வாயத் தொறக்குறதுக்குள்ள, பாப்பா மாரியண்ணே கையில இருந்துச்சு.